பாதி வழியில் நிற்கும் சாட்சிகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் மைக் கைமாறத் தொடங்கும். வேலை போயிற்று, ஜெபித்தோம், முன்னைவிட நல்ல வேலை கிடைத்தது. டாக்டர் கைவிரித்தார், உபவாசம் இருந்தோம், அடுத்த ஸ்கேனில் கட்டியைக் காணோம். கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லும், மைக் அடுத்த வரிசைக்குப் போகும். இடையூறு, ஜெபம், விடுதலை என்ற இந்த மூன்று படிகளும் பல சபைகளில் மாறுவதே இல்லை. சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றாம் படிக்கு வந்து சேராதவர்கள் அந்த மைக்கை வாங்குவதில்லை. மகனுக்கு இன்னும் வேலை அமையாதவரும், கீமோ முடிந்து மறுபடி காய்ச்சலில் விழுந்தவரும் மற்றவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

எதிர்பாராத தடைகளுக்கு நடுவே கிறிஸ்தவ விசுவாசம் எப்படிக் கைகொடுக்கிறது என்று கேட்டால், நம் காதில் விழும் பதில்களில் பெரும்பாலானவை கரையேறியவர்களின் பதில்கள். தமிழகக் கிறிஸ்தவ வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டினால் வேறு ஒன்று தெரிகிறது. அங்கே தடை நீங்குவது அபூர்வம். தடை அப்படியே கிடக்க, வேலைதான் வேறு பக்கம் திரும்புகிறது. திரும்பும் இடத்தில் பெரும்பாலும் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். விசுவாசத்தின் உதவி என்று நாம் சொல்வது எது என்பதை அந்த இடத்தில்தான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

வேதாகமமே இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. நீதிமான் தழைப்பான் என்று சொல்லும் பகுதிகள் உண்டு. வாக்குத்தத்த அட்டைகளில் அச்சாகி நம் வீட்டுச் சுவர்களில் தொங்குபவை அவைதான். ஆனால் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவற்றில் பல கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், 88ஆம் சங்கீதமோ திரும்புவதே இல்லை. சிநேகிதர் விலகிப்போன இருட்டிலேயே அது முடிந்துவிடுகிறது. அந்தச் சங்கீதத்தை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. யோபுவின் நண்பர்கள் துன்பத்துக்குப் பாவமே காரணம் என்று ஒழுங்காகத் தர்க்கம் செய்கிறார்கள், கடைசியில் கண்டனம் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. யோபு கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசிவரை நேரான பதில் இல்லை.

பவுலின் கதை இன்னும் விசித்திரமானது. அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் அவர் ஆசியாவில் பிரசங்கிக்கப் பார்க்கிறார், தடை வருகிறது. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதற்கும் தடை. போக்கிடம் இல்லாமல் துரோவா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தவர் அங்கிருந்து கடல் தாண்டி மக்கெதோனியாவின் பிலிப்பிக்குப் போகிறார். நோயா, அரசாங்கக் கெடுபிடியா, தடை எந்த உருவில் வந்தது என்று லூக்கா சொல்வதில்லை. ஆவியானவர் விடவில்லை என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார். பவுலின் உடம்பில் இருந்த முள்ளோ, மூன்று முறை வேண்டிக்கொண்டும் எடுபடவில்லை. ஆக, மூல நூலிலேயே திறக்காத கதவுகள் பல. இதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, விசுவாசம் போதிய அளவு இருந்தால் நோயும் கடனும் தானே ஓடும் என்று சொல்லும் செழிப்பின் உபதேசத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நோய் ஓடாதபோது நோயாளியையே குற்றவாளியாக்கி நிறுத்துவதுதான் அதன் தர்க்கம். யோபுவின் நண்பர்களுக்கு ஒலிபெருக்கி கிடைத்தது போன்ற நிலை.

திருவிதாங்கூரில் யோபுவின் கதை நேரடியாகவே ஒரு வாழ்க்கைக்குள் நுழைந்திருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே பெரிய பொறுப்புக்கு வந்தவர். அடுக்கடுக்கான இழப்புகளால் மனம் உடைந்திருந்த நீலகண்ட பிள்ளை என்ற அரண்மனை அலுவலருக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். யோபுவுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பி வந்தன. தேவசகாயத்துக்கு வந்தது கைதும் சித்திரவதையும், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் மரணமும். 2022இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். 270 ஆண்டு தள்ளி வந்த அறிவிப்பை மூன்றாம் படி என்று யாராவது கணக்கு வைக்கலாம், எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை.

தரங்கம்பாடியில் ஆவணங்கள் நிறையக் கிடைப்பதால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று அங்கு வந்தபோது அவருக்கு வயது 24 நிறையவில்லை. சிறு வயதிலிருந்தே உடல்நலம் குன்றியவர். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். அதே மன்னரின் கொடி பறந்த கோட்டையின் தளபதி ஹாசியுஸ்தான் அவருக்கு முதல் எதிரி. நம் ஊர் வாசகர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது உள்ளூர்க்காரர்களின் எதிர்ப்பை. இங்கே இடைஞ்சல் சொந்தக் கொடியின் கீழிருந்து வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் கரைக்கு எட்டும் தூரத்தில் படகோடு கடலில் போனது. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதன் தொடர்ச்சியாக 1708 நவம்பரில் சீகன்பால்கு கைதானார். நான்கு மாதம் டான்ஸ்போர்க் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார்.

அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். சிறையில் அது நின்றுபோனது. அங்கே இருந்தபடி, ஊழியக்காரனின் நிலை பற்றியும் கிறிஸ்தவனின் நிலை பற்றியும் ஜெர்மன் மொழியில் இரண்டு நூல்கள் எழுதினார். வெளியே வந்து 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். முடித்ததை அச்சிட வேண்டுமே! லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சு எந்திரத்தையும் அதை இயக்க ஓர் ஆளையும் கப்பலேற்றியது. பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பேரம் பேசி மீட்டுப் பயணம் தொடர்ந்தபோது, நன்னம்பிக்கை முனையை நெருங்கும் வழியில் அச்சாளர் இறந்துபோனார். 1712இல் எந்திரம் மட்டும் சென்னையில் வந்து இறங்கியது. ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. விசாரித்ததில், டேனிஷ் கம்பெனியின் சிப்பாய்களிலேயே அச்சு வேலை தெரிந்த ஒருவர் அகப்பட்டார்.

அடுத்து எழுத்துகள். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கும் தாள் போதாது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தைக்கூட உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்றில் ஒரு குறிப்பு உண்டு. தாள் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையே தொடங்கப்பட்டது. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் மீதியும் வெளிவந்தன. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு இது.

இந்தக் கதையைச் சபைகளில் சொல்லும்போது இத்தோடு நிறுத்திவிடுவார்கள், மூன்றாம் படி வந்துவிட்டதல்லவா! தொடர்ந்து படித்தால் காட்சி மாறும். கோபன்ஹேகனில் மிஷனின் செயலராக இருந்த வென்ட், கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் பணம் செலவிடுவது அப்போஸ்தல வழி அல்ல என்று கடுமையாக எழுதினார். சிறையில் தளராத சீகன்பால்கு அந்தக் கடிதங்களில் தளர்ந்தார். 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தபோது அவருடைய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றிருந்தது. தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய பெரிய நூலை, ஹாலேயில் மிஷனுக்குத் துணைநின்ற பிராங்கே அச்சிட மறுத்தார். அது 1867இல்தான் வெளியானது. மொழிபெயர்ப்பில் கூட இருந்து உழைத்த அழகப்பன் ஹாசியுஸின் கெடுபிடியில் தரங்கம்பாடியைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஐரோப்பியரின் துன்பங்கள் நாள் தேதியோடு அச்சாகியிருக்கின்றன. அழகப்பன்களின் துன்பத்தை அந்தக் கடிதங்களின் ஓரங்களிலிருந்து பொறுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ரூத்தோடு நின்றதை, அடுத்து வந்த மிஷனரி ஷுல்ட்சே தொடர்ந்து முடித்தார். பிறகு இன்னொரு மிஷனரியான பப்ரீஷியஸ் பல்லாண்டு உட்கார்ந்து முழுவதையும் திருத்தினார். இந்தப் பப்ரீஷியஸைப் பற்றிச் சாட்சி மேடைகளில் அதிகம் பேசமாட்டார்கள். அகராதியும் ஞானப்பாட்டுகளும் தந்த அதே மனிதர், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை ஆர்க்காட்டு நவாபின் உறவு வட்டத்தில் வட்டிக்கு விட்டு இழந்தார். முதுமையில் கடன்காரர் சிறையில் அடைபட்டார். அதை உபத்திரவம் என்று மங்கலாகச் சொல்லிக் கடப்பது நேர்மையாகாது, அவரே இழுத்துவிட்டுக்கொண்ட வினை அது. ஆனாலும் தடைகளில் பாதி இந்த ரகம்தானே! தன் தவறால் வந்த முட்டுக்கட்டைக்கு விசுவாசம் என்ன தரும் என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. பப்ரீஷியஸின் வாழ்க்கையில் அது மன்னிப்பாக மலர்ந்ததா என்று சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பு வேலை நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி. பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி அவர் இறந்த பிறகு, 1796இல் வந்தது.

மிஷன் வரலாற்றில் வந்த தடைகளைப் பிரித்து வைத்துப் பார்த்தால் ஆச்சரியமான அளவுக்கு அவை அலுவலகத் தடைகள். வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, பெண்களுக்கு இந்தப் படிப்பு ஏறாது என்ற இளக்காரம் இருந்தது. முதல் தேர்விலேயே அவருடைய மாணவிகள் எல்லாரும் தேறி அதை வாயடைத்தார்கள். அந்தத் தடை எளிது. 1930களின் இறுதியில் வந்ததுதான் கடினமானது. இனி டிப்ளமா படிப்புக்கு இடமில்லை, பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ். படிப்பு மட்டுமே என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. அதற்கான ஆசிரியர்களும் படுக்கைகளும் ஆய்வகங்களும் வேலூரில் இல்லை. ஐடாவுக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது, உலகப் போர் வேறு. அமெரிக்கா போய்ப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால் பல மிஷன்கள் கைகோக்கும் என்ற யோசனை வந்தபோது, பல ஆண்டுகள் அவருக்குத் தோள் கொடுத்த லூசி பீபாடி, பெண்களுக்காக அமெரிக்கப் பெண்கள் கொடுத்த பணத்துக்கு இது துரோகம் என்று எதிர்த்து நின்றார். பீபாடி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு பேரும் ஜெபித்தவர்கள்தாம். கல்லூரி 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, 1947இல் ஆண்களுக்கும் கதவு திறந்தது.

அந்தக் கல்லூரியில் படித்த மேரி வர்கீஸின் வாழ்க்கையை இந்தக் கேள்விக்கான மையச் சான்றாகவே வைக்கலாம். 1925இல் கொச்சியில் பிறந்தவர், மகப்பேறு மருத்துவத்தில் பயிற்சியில் இருந்தவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம், முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை. பேறுகால வார்டில் நின்று வேலை பார்க்க வேண்டியவருக்கு நிற்கவே வழியில்லை. எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், கால் நடக்கவில்லை.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை உருவாக்கிக்கொண்டிருந்தார். நரம்பு செத்து, விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடும் கையில், இயங்கும் தசைநாண் ஒன்றை வேறிடத்தில் இணைத்து விரலை மீண்டும் வேலை செய்ய வைப்பது அந்த முறை. இதைச் செய்யும் மருத்துவர் நோயாளியின் கையை மேசைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்தே செய்யலாம். மேரியிடம் இதைச் சொன்னவர் பிராண்ட். நிற்க முடியாத ஒரு டாக்டருக்கும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் நடுவே இருந்த தொடர்பு அடுத்தவர் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது. படுக்கையில் கிடப்பவருக்கு அது தானாகத் தோன்றியிருக்குமா? மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்யப் பழகினார். ஊனமுற்ற கைகளைத் திருத்தும் மருத்துவரும் ஊனமுற்றவராக இருந்தது நோயாளிகளிடம் எதைச் செய்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர், பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் அதையே மருத்துவத் துறையாகப் படித்தார். 1963இல் வேலூரில் உடலியக்க மருத்துவ, மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவரை வீட்டில் ஒரு மூலையில் கிடத்திவிட்டு, படுக்கைப் புண் வந்து சாகும்வரை காத்திருப்பது வழக்கமாக இருந்த காலம் அது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் காலமானார். விபத்தே நல்லது என்று இந்தக் கதையை முடிப்பவர்கள் உண்டு. கடவுள் ஒரு மறுவாழ்வு நிலையம் வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் முதுகை முறித்தார் என்று நம்ப வேண்டுமானால், யோபுவின் நண்பர்களைவிட மோசமான இடத்தில் போய் நிற்போம். விபத்து விபத்துதான். அதற்குப் பின் வந்தவை மனிதர்கள் சேர்ந்து கட்டியவை. மேரி அவற்றைத் தேவ கிருபை என்றே அழைத்திருப்பார், அதை மறுக்கவும் எனக்குக் காரணம் இல்லை.

பிராண்டின் தாய் ஈவ்லின் கதையையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். கணவர் ஜெசி 1929இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். மலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஈவ்லின் கேட்டுக்கொண்டே இருந்தார், வயதாகிவிட்டது என்று மிஷன் மறுத்துக்கொண்டே இருந்தது. எழுபதை ஒட்டிய வயதில் முறைப்படி ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்றவருக்கு மேலாளர் ஏது? நேரே கொல்லிமலைக்கு ஏறிவிட்டார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய், நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கக் கிணறுகளைச் சீர்செய்யச் சொல்லிக்கொண்டே தொண்ணூறு தாண்டியும் உழைத்தார்.

விடாப்பிடி எப்போதும் மெச்சத்தக்கதா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் படித்தால் சங்கடம் வரும். மிஷனரி சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் தோழர், தமிழ்க் கிறிஸ்தவ இசையின் பெருங்கவிஞர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு மோதி, வயதான காலத்தில் வேலையை இழந்தார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றாதே, ஆராதனையில் தமிழிசையை நிறுத்தாதே என்று அவர் நின்றது இன்றும் நியாயமாகப் படுகிறது. ஆனால் அதே மூச்சில், திருவிருந்திலும் இருக்கையிலும் சாதி வரிசை கலையக்கூடாது என்றும் நின்றார். அவரைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே விசுவாசப் போராட்டம். ஈவ்லினுடைய பிடிவாதமும் சாஸ்திரியாருடைய பிடிவாதமும் உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் சுட்டிருக்கும். கொல்லிமலைப் பிடிவாதத்தில் கிணற்று நீர் சுத்தமாயிற்று, தஞ்சைப் பிடிவாதத்தில் சிலர் பின்வரிசையிலேயே உட்கார வைக்கப்பட்டார்கள். சபை வரலாறு எழுதுபவர்கள் இரண்டையும் விசுவாச வீரம் என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடக்கூடாது.

2004 டிசம்பர் 26 இன்னொரு சங்கடம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் கடற்கரையில் நின்ற நேரம் சுனாமி வந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை என்ற செய்தி அற்புதமாகப் பரவியது. கரையில் நூற்றுக்கணக்கானோர் செத்துக் கிடந்தபோது கட்டடம் தப்பியதை அற்புதம் என்று சொல்வது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் எப்படி விழும்? அந்த நாட்களில் ஆலய வளாகத்தைத் திறந்துவிட்டுப் பிணங்களை அடக்கம் செய்ததும், சோறு பொங்கிப் போட்டதும், சாதி மத வேறுபாடு பாராமல் ஆட்கள் வந்து நின்றதும் அந்த அற்புதச் செய்தி அளவுக்குப் பேசப்படவில்லை.

ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் நெருக்கடியில் மதத்தைப் பயன்படுத்தும் விதங்களைப் பிரித்தார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொள்வது ஒன்று, எல்லாம் என் கையில் என்று நடப்பது ஒன்று, கடவுளும் நானுமாகச் சேர்ந்து தீர்க்கிறோம் என்ற நிலை இன்னொன்று. அவரும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்ற எண்ணம் அலைக்கழித்தவர்களுக்கு மரண அபாயம் சுமார் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2006இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரைப் பற்றியது. தமக்காக முகம் தெரியாதவர்கள் ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தன. ஜெபம் பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம், கடவுளை ஆய்வகத்தில் நிறுத்த முடியாது என்று தட்டிக்கழிப்பதும் அவசரம். முதல் ஆய்வு நடைமுறைக்கு உதவும். கைவிடப்பட்டேன் என்று நினைக்கும் நோயாளி அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டும். படுக்கையைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடும் குழுவிடம் அதைச் சொல்ல முடியாது.

இதை எழுத்திலேயே சொன்னவர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் இருந்தார். டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திவந்த ஏமி கார்மைக்கேல், 1931 அக்டோபரில் களக்காட்டில் மருத்துவப் பணிக்காக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்கப் போனபோது, இருட்டில் தோண்டிக் கிடந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை அந்த அறையே அவருக்கு உலகம். இடையில் 1948இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார், அதன்பின் படுக்கையிலிருந்து எழவே இல்லை. குழந்தைகளின் பராமரிப்பும் நிர்வாகமும் மற்றவர்கள் கைக்கு மாறின. இவர் படுத்தபடியே எழுதினார். நோயாளிகளுக்கென்று அவர் எழுதிய கடிதங்கள் 1933இல் ஒரு நூலாக வந்தன. அவற்றை எழுதக் காரணமாக அவர் சொன்னதில் கொஞ்சம் கோபமே இருந்தது. நோயாளிகளைத் தேற்ற என்று தமக்கு வரும் துண்டுப் பிரசுரங்களை எழுதியவர்கள் எல்லாரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள், அவை தம்மிடம் ஒட்டவில்லை என்றார். வலி குறையாத நேரத்திலேயே, வலியில் இருப்பவருக்கு எழுத வேண்டும் என்பது அவர் பிடிவாதம். குணமான பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அந்த நூல் வந்தே இருக்காது.